ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்காரப் போகும் மகனுக்கு

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. கையில் ஒரு பிள்ளை, மடியில் ஒரு பிள்ளை, தொட்டிலில் ஒன்று வீறிட்டுக் கத்துகிறது, அந்த நிலையில்தான் பிரித்துப் படித்தேன். கொழுந்தெடுக்கப் போகிற பொம்பளைகள் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்குத் தனி அறையில் உட்கார்ந்து கடிதம் படிக்கக் கொடுப்பினை இல்லை. அட்டனில் தொழிலாளர் சங்க ஆபீசில் மேசை போட்டு உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு என்ன, எழுத்து அச்சுப்போல இருக்கிறது. சொன்ன விஷயம்தான் எனக்குச் சரிப்படவில்லை. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற கூட்டத்துக்கு வருவாய், ஆனால் எதிர்ப் பெஞ்சில் பியதாச உட்கார்ந்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துவிடுவாய், நம்ம ஆட்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவாய் என்று எழுதியிருக்கிறாய். அப்பாவின் கையை வெட்டினவனோடு சரிசமமாக உட்கார உன்னால் முடியாது என்று அடியில் கோடு வேறு போட்டிருக்கிறாய். கோபம் உனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான். அது அப்பா வீட்டுச் சொத்து. வேறு சொத்து எதுவும் அவர் உனக்கு வைத்துவிட்டுப் போகவில்லை, அதனால் இதையாவது பத்திரமாக வைத்திருக்கிறாய் போலிருக்கிறது.

கூட்டம் எதற்கு என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். டவுனில் வாசலில் இறங்கினால் பஸ் ஏறிப் பழகினவனுக்குச் சில விஷயங்கள் மறந்துபோகும். தோட்டத்தின் கீழ்ப் பிரிவு, நம்ம கீழ்க்கணக்கிலிருந்து மெயின் ரோட்டுக்கு இரண்டே வழி. ஒன்று, மலையேறி மேல்கணக்குக்குப் போய், ஃபேக்டரியைத் தாண்டி, வண்டி ரோட்டில் சுற்றிக்கொண்டு இறங்குவது. இன்னொன்று, ஓடையைத் தாண்டி சிங்களக் கிராமத்து வயல் வரப்பு வழியாக நடப்பது. ஒரு வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் ரோட்டுக்கு வந்துவிடலாம். ஐம்பத்தெட்டாம் வருஷக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பாதைக்கு முள் போட்டார்கள். நாம் மலை சுற்றுகிறோம். போன மழைக்காலத்தில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த காமாட்சிக்கு இடுப்பு வலி கண்டது. மூன்றாம் பிள்ளை, குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். நாற்காலியில் உட்கார வைத்து, கம்பளியால் மூடி, ஆம்பளைகள் மாற்றி மாற்றித் தோள் கொடுத்து மலையேறினார்கள். நான் பின்னாலேயே போனேன். மேலே போனால் லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. லொறி திரும்பி வந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது பிள்ளையைத்தான் எடுக்க முடிந்தது. அந்தப் பிள்ளைதான் உன் கடிதத்தை நான் படித்தபோது தொட்டிலில் கத்தியது.

இந்தச் சாவுக்குப் பிறகுதான் கச்சேரியிலிருந்து, அரசாங்க ஆபீசிலிருந்து, ஒரு ஐயா வந்தார். நல்ல மனுஷன், சிங்களவர், தமிழும் தட்டுத்தடுமாறிப் பேசினார். நாடு முழுக்கப் பழைய காயத்தை ஆற்றுவதற்கு வழி பார்க்கிறார்கள், இந்த ஒரு பாதையைத் திறக்க நம்மால் முடியாதா என்று கேட்டார். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள், இரண்டு பக்கமும் சம்மதித்தால் முள்ளை எடுக்க நானே வந்து நிற்கிறேன் என்றார். கிராமத்தில் மூன்று பேரைச் சொல்லிவிட்டார்கள். அதில் ஒருவன் பியதாச, ஏனென்றால் பாதை அவன் வயல் வரப்பில் போகிறது. அவன் இல்லாமல் அந்தப் பேச்சே இல்லை. நம்ம பக்கத்தில் முதல் பெயர் உன்னுடையது. சிங்களம் நன்றாகப் பேசுவாய், சட்டம் தெரியும், கச்சேரிக்காரர்களுக்கு முன்னால் கைகட்டி நிற்க மாட்டாய். இதெல்லாம் தோட்டத்தில் எல்லோருக்கும் பெருமை. நீ எழுந்து வந்தால் கூட்டம் முடிந்தது. கூட்டம் முடிந்தால் முள் அப்படியே இருக்கும். இரண்டாம் தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா அவனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று நினைப்பாய். அப்பாவை வெட்டியது பியதாசதான். கண்ணால் பார்த்தவர்கள் நிறையப் பேர். கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கை, நம்ம கணக்கிலேயே அவரைப் போல ஒரு செடியை வெட்டி நிமிர்த்த ஆளில்லை, அந்தக் கை மடங்காமல் போய்விட்டது. துரை அவருக்குக் காவல்கார வேலை கொடுத்தார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. நெஞ்சுச்சளியில் செத்தார் என்று எழுதினார்கள், அதுவும் பொய் இல்லை. ஆனால் கூடப் படுத்தவளுக்குத் தெரியும், அவர் கை போன அன்றைக்கே பாதி போய்விட்டார். பியதாச அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன்தான். நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. அவனைத் தூரத்தில் பார்த்தாலே இப்போதும் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

ஆனால் கலவரத்தன்று நீ இங்கே இல்லை. அட்டனில் போர்டிங்கில் இருந்தாய். ஃபாதர்மார் கதவைச் சாத்தி உங்களை உள்ளேயே வைத்திருந்தார்கள் என்று பிறகு சொன்னாய். அதனால் உனக்குத் தெரிந்த கதை, தோட்டத்தில் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட கதை. கிராமத்தான் குடித்துவிட்டுக் கத்தியோடு வந்தான், தலைவர், உன் அப்பா, கையெடுத்துக் கும்பிட்டுச் சமாதானம் பேசப் போனார், வெட்டிவிட்டான். அதில் பெரும்பாலும் நடந்ததுதான். ஆனால் அதற்கு முன்னால் நடந்தது அதில் இல்லை. அதை யாரும் சொல்வதில்லை. யாருக்கும் தெரியாததால் இல்லை, எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் சொல்வதில்லை.

அன்றைக்கு மத்தியானம் தலவாக்கலைப் பக்கமிருந்து வந்த ஒரு ஆள், பஸ்ஸை நிறுத்தி அடிக்கிறார்கள், இன்னொரு தோட்டத்தில் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள் என்று சொன்னான். அது உண்மையா புரளியா என்று விசாரிக்க வழியில்லை. ஆட்கள் அங்கங்கே மலையில் சிதறிக் கிடந்தார்கள். பொம்பளைகள் கொழுந்து மலையில், கவ்வாத்துக்காரர்கள் ஓடைக்கரையில், சில பேர் விறகுக்குக் காட்டில். உன் அப்பா அப்போது தோட்டக் கமிட்டித் தலைவர். எல்லோரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், கோயில் முன்னால் கூட்டி வைத்துக்கொண்டால் ஒருத்தருக்கு ஒருத்தர் துணை என்று நினைத்தார். நினைத்தது சரிதான். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கடைசி லயத்து ஆறுமுகத்தைக் கூப்பிட்டு, தப்பை எடுத்து அடிக்கச் சொன்னார்.

நம்ம தோட்டத்தில் தப்பு மேளம் என்றால் என்ன என்பதை நீ யோசித்துப் பார். விடிவதற்கு முன்னால், வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு எழுப்புகிற அடி ஒன்று. சாவுக்கு ஓர் அடி. சாமி ஊர்வலத்துக்கு ஓர் அடி. இந்த மூன்றும் நமக்கு மட்டும் தெரிந்தவை இல்லை, கீழே கிராமத்துக்கும் தெரியும். நம்ம பெரட்டு அடியைக் கேட்டுத்தான் அவர்கள் அடுப்பு மூட்டினார்கள், மாட்டைப் பட்டியிலிருந்து அவிழ்த்தார்கள். அவர்கள் வீட்டுக் கடிகாரம் நம்ம ஆறுமுகத்தின் குச்சியில் இருந்தது. சாவு அடி கேட்டால் கடையில் உட்கார்ந்திருக்கிற கிழவன்கூட யார் போனார்கள் என்று கேட்டு அனுப்புவான். பாஷை தெரியாவிட்டாலும் அடி தெரியும். ஆறுமுகம் தப்பை எடுத்துக்கொண்டு வந்து உன் அப்பாவிடம் கேட்டான், "எந்த அடிங்க தலைவரே?" அப்பாவுக்குப் பதற்றம். "எதையாவது அடி, வேகமா அடி, எல்லாரும் ஓடியாரணும்" என்றார்.

அப்படி ஓர் அடி நம்மிடம் இல்லை. ஆபத்துக்கு என்று யாரும் ஏற்படுத்தி வைக்கவில்லை. ஆறுமுகம் கைக்கு வந்ததை அடித்தான். பெரட்டு அடியில் ஆரம்பித்துச் சாமி அடிக்குப் போய், அதையும் இரண்டு மடங்கு வேகத்தில், நிறுத்தாமல் அடித்தான். நான் பிள்ளைக்காம்பராவில் இருந்தேன். எனக்கே அது எந்த அடி என்று புரியவில்லை. ஆம்பளைகள் கவ்வாத்துக் கத்தியோடு அப்படியே ஓடி வந்தார்கள், வேலையில் கையில் இருந்தது அதுதானே. விறகுக்குப் போனவர்கள் கோடாலியோடு வந்தார்கள். மலைச்சரிவில் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் ஆயுதத்தோடு இறங்கி ஓடுவதைக் கீழே வயலில் நின்று பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? நாம் கோயிலுக்குத்தான் ஓடுகிறோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நம்ம கோயில் எங்கே இருக்கிறது, கிராமத்துப் பக்கத்துச் சரிவில்தானே இருக்கிறது.

அவர்களும் கத்தியை எடுத்தார்கள். எல்லையில் தண்ணி ஓட வெட்டியிருக்கிற கானுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். குடித்திருந்தவன் இரண்டு பேர் இருந்திருக்கலாம், மற்றவர்கள் பயத்தில் வந்தவர்கள். அப்பா வெறுங்கையோடு முன்னால் போனார். அவர் தைரியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் வேறு யாரும் போகவில்லை. கானுக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் தூக்கி, வேண்டாம் மஹத்தயா, வேண்டாம் ஐயா என்று சொன்னார். அவர் பின்னாலிருந்து நம்ம பையன் ஒருத்தன் கல்லை விட்டான். யார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் சிநேகிதன், பெயர் வேண்டாம். கல் பியதாசவின் தம்பி நெற்றியில் பட்டு ரத்தம் கொட்டியது. பியதாச கானைத் தாண்டிக் குதித்தான். மற்றது உனக்குத் தெரியும்.

போலீஸ் ஜீப் வந்து, ஆட்கள் கலைந்து, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரு கேள்வி வந்தது. இது எப்படி ஆரம்பித்தது? கோயில் கமிட்டி கூடியது. பெரிய கங்காணி தலைமை. தப்பைத் தாறுமாறாக அடித்ததால்தான் கிராமத்தான் ஏறி வந்தான், அடித்தவன் ஆறுமுகம், அவன் குடித்துவிட்டு அடித்திருக்கிறான் என்று முடிவு செய்தார்கள். அவன் அன்றைக்கு ஒரு சொட்டும் குடிக்கவில்லை. தப்பை வாங்கிக் கோயில் மூலையில் தொங்கவிட்டார்கள். அன்றிலிருந்து பெரட்டுக்கு ஃபேக்டரி மணிதான். அவனை மாட்டுப்பட்டிக்குச் சாணி அள்ளப் போட்டார்கள். திருவிழாவில் அவன் வாசல் பக்கம் சாமி போவதில்லை. முன்பும் போனதில்லை, ஆனால் முன்பு மேளமாவது அவன் கையில் இருந்தது. அடிக்கச் சொன்னது யார் என்று அவன் கமிட்டியில் சொன்னானாம். ஆஸ்பத்திரியில் கிடக்கிற தலைவர் மேலேயே பழி போடுகிறாயா என்று அடிக்கக் கை ஓங்கினார்களாம்.

அப்பா கைக்கட்டோடு திரும்பி வந்ததும் நான் இதைச் சொன்னேன். கமிட்டியில் போய் ஒரு வார்த்தை சொல்லுங்க என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உன் அப்பா கெட்டவர் இல்லை தம்பி. தன் உத்தரவால்தான் இவ்வளவும் வந்தது என்று ஒத்துக்கொண்டால், போன கைக்குக்கூட அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்று பயந்தார். ஆட்கள் அவரை வீரன் என்று கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு ஒன்றுதான் அவருக்கு மருந்து. அந்த மருந்தைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. உனக்கும் சொல்லவில்லை. நீ அவரை நினைத்து நினைத்துப் படித்தாய். நல்ல மார்க் வாங்கினாய்.

கிராமத்துச் சோமாவதியை உனக்கு ஞாபகம் இருக்கும், பலாக்காயும் வெற்றிலையும் கொண்டுவந்து விற்பவள். கலவரத்துக்குப் பிறகு ரொம்ப நாள் வரவில்லை. பிறகு மலை சுற்றி மேல்கணக்கு வழியாக வர ஆரம்பித்தாள், அவளுக்கும் முள் முள்தானே. ஒருநாள் பிள்ளைக்காம்பரா வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தன் அரைகுறைத் தமிழில் அன்றைய கதையைச் சொன்னாள். தப்புச் சத்தம் கேட்டதும் ஊர்ப் பொம்பளைகள் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுபோய் நெல் கொட்டுகிற அட்டுவவுக்குள் வைத்துப் பூட்டினார்களாம். சின்னப் பிள்ளைகள் அழுதால் சத்தம் கேட்குமே என்று வாயில் சர்க்கரை வைத்தார்களாம். "நீங்க கொல்ல வர்றதுன்னு நெனச்சது ஆயாம்மா" என்றாள். நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பிள்ளைக்காம்பராக் கதவைச் சாத்தி, பெஞ்சை இழுத்து முட்டுக்கொடுத்து, உள்ளே அத்தனை பிள்ளைகளையும் தரையில் படுக்க வைத்து, வாயில் சீனித் தண்ணி துணியை வைத்துக்கொண்டிருந்தேன். நான் அதை அவளிடம் சொன்னேன். பிறகு அவள் ஒரு வெற்றிலைக் கட்டைச் சும்மா வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன மே தினத்தில் நீ பேசியதைக் கேட்க மேல்கணக்கு மைதானத்துக்கு வந்திருந்தேன். நல்ல பேச்சு. ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்ட மனுஷன் என் அப்பா, அடுத்த தடவை பெயரே இல்லை என்று நீ சொன்னபோது நானும் கை தட்டினேன். உண்மைதான், சுதந்திரம் வந்த கையோடு ஒரு சட்டம் போட்டு நம்மை ஊர் பேர் இல்லாதவர்களாக ஆக்கினார்கள். இப்போது இந்தியாவும் இலங்கையுமாக இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று நம்மைப் பங்கு போட்டிருக்கிறார்கள், நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை நீ கேட்காமல் யார் கேட்பது? கேள், இன்னும் உரக்கக் கேள். ஆனால் அன்றைக்குக் கூட்டத்தின் ஓரத்தில் ஆறுமுகம் நின்றுகொண்டிருந்தான். எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி முடிவெடுக்க இவர்கள் யார் என்று நீ கையை உயர்த்திக் கேட்டபோது எல்லோரும் கை தட்டினார்கள். அவன் தட்டவில்லை, நம்ம கங்காணியைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை. நாட்டில் நமக்கு ஓட்டு இல்லை, சரி. நம்ம கோயில் கமிட்டியில் கடைசி லயத்துக்கு ஓட்டு இருக்கிறதா? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். நம்ம முதுகு நமக்குத் தெரியாமல் இல்லை, சட்டையைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

உனக்குப் பிறகு இரண்டு பேர் வேண்டும் என்று தோட்டக் கமிட்டி கூடியது. பாதை வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். கிராமத்துக்குள் போய் உட்கார மட்டும் யாருக்கும் நேரம் இல்லை. ஒருத்தருக்கு முதுகு வலி, ஒருத்தருக்கு மச்சான் வீட்டுக் கல்யாணம். கங்காணிக்குத் திடீரென்று வயசாகிவிட்டது. நான் எழுந்து, நான் போகிறேன் என்றேன். பொம்பளையா என்று ஒரு முணுமுணுப்பு வந்தது. காமாட்சிக்குப் பின்னால் மலையேறியது நான், நீங்கள் யாராவது வருவதாக இருந்தால் நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். மூன்றாவது ஆள் ஆறுமுகம் என்றேன். அப்போது பார்க்க வேண்டுமே. கடைசி லயத்தானை நம்ம பக்கத்தில் பெஞ்சில் உட்கார வைத்தால் கிராமத்தான் நம்மை மதிப்பானா என்று கங்காணி கேட்டார். அப்படியானால் நீங்க வாங்க என்றேன். மறுபடியும் அவருக்கு வயசாகிவிட்டது.

ஆறுமுகத்திடம் கேட்கப் போனதுதான் பெரிய பாடு. மாட்டுப்பட்டியில் சாணிக் கூடையோடு நின்றான். நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு நாள் போனேன், இரண்டு நாளும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மூன்றாம் நாள், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஒங்க பாதை, ஒங்க சாமி, ஒங்க சண்டை. நான் எதுக்குங்க ஆயாம்மா?" என்றான். ஆறுமுகம், உன் மருமகளும் பிள்ளை பெறப் போகிறவள்தானே, அவளுக்கும் அந்தப் பாதைதானே என்றேன். கூடையைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு ஒங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொல்லியிருக்கணும்."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் இரக்கம் ஒன்றும் இல்லை, இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பிறகு சொன்னான்:

"வர்றேன். வந்தா மொத வார்த்த நாந்தான் பேசுவேன். மேளம் அடிச்சது நானு, அடிக்கச் சொன்னது தலைவருன்னு அந்த ஊர்க்காரங்க முன்னுக்கே சொல்லுவேன். அதுக்கு ஒங்க மகன் சம்மதிப்பாரா? இல்லாட்டி என்னைய விட்டுருங்க."

என் மகன் சம்மதிப்பான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் சார்பில் வாக்குக் கொடுத்தேன். அதற்குக் கோபப்படுவதானால் என்மேல் படு, அவன்மேல் படாதே. அதனால்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை பியதாசவுக்கு முன்னால், கச்சேரி ஐயாவுக்கு முன்னால், அப்பாவைப் பற்றி ஒரு விஷயத்தை நீ முதல் தடவையாகக் கேட்டு முகம் சிவந்து நிற்கக் கூடாது. அதை முதலில் என் வாயால்தான் நீ கேட்க வேண்டும். கேட்டுவிட்டாய். இது உன் கைக்கு வரும்போது இன்னும் இரண்டு நாள் இருக்கும். அழுவதாக இருந்தால் அழுதுகொள். எனக்குத் திட்டி எழுதுவதாக இருந்தாலும் எழுது, ஞாயிற்றுக்கிழமைக்குள் தபால் வராது, அதனால் எனக்கு நஷ்டமில்லை.

பியதாச என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்பான் என்று கனவு காணாதே. தன் தம்பியின் நெற்றித் தழும்பைக் காட்டுவான், கல் யார் கையிலிருந்து வந்தது என்று கேட்பான். பொய் சொன்னாலும் சொல்வான். நீ பதில் சொல்லலாம், கோபமாகவும் சொல்லலாம், அப்பாவின் கையைப் பற்றி அவன் முகத்துக்கு நேராகக் கேட்கலாம். கேட்க வேண்டியதைக் கேட்காமல் பாதையை மட்டும் வாங்கிக்கொண்டு வா என்று நான் சொல்ல மாட்டேன், அப்படி வந்த பாதை நிலைக்காது. ஆனால் உட்கார்ந்துகொண்டே கேள். எழுந்து போவது சுலபம் தம்பி. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதும் எழுந்து போவதும் ஒன்றுதான், நான் இரண்டையும் ஒரே வீட்டில் பார்க்க விரும்பவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை. அந்த ஓடையைத் தாண்டி நான் கால் வைத்து எத்தனை வருஷம் ஆயிற்று. கிராமத்துப் பையன்கள் ஓரமாக நின்று ஏதாவது சொல்வார்கள், நம்ம பையன்கள் கரையில் நின்று கல்லைக் கையில் வைத்திருப்பார்கள். ஒரு வார்த்தை தவறினால் மறுபடியும் ஐம்பத்தெட்டுதான். நம்ம பையன்களிடம் போய், அன்றைக்குக் கானில் கல் விட்டவனையே கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்தைக் காவல் பார்ப்பது உன் பொறுப்பு, ஒரு கல் பறந்தாலும் உன் பெயரை நானே சொல்வேன் என்று சொல்லிவிட்டேன். முகம் வெளுத்துப் போனான். சரி ஆயாம்மா என்றான். பார்ப்போம்.

பெஞ்சு நீளமான பெஞ்சு என்று சோமாவதி சொன்னாள், ஒரே பெஞ்சில் மூன்று பேரும் உட்காரலாமாம். நான் நடுவில் உட்காருவேன். ஆறுமுகம் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் உனக்கு. அவன் பேச ஆரம்பிக்கும்போது உனக்கு எழுந்து போகத் தோன்றும். பியதாச பேசும்போது இன்னும் அதிகமாகத் தோன்றும். உன்னைக் கையைப் பிடித்து நிறுத்த மாட்டேன், நீ சின்னப் பிள்ளை இல்லை. நீ போனால் உன் பின்னால் நானும் வருவேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. நானும் ஆறுமுகமும் உட்கார்ந்துதான் இருப்போம்.

காலையில் வந்துவிடு. சேர்ந்து நடந்து போவோம்.

அம்மா